கம்பி கடித்த கிளை

செழியா,

இந்தத் தாளின் தலைப்பில் முதலில் "அவையோர்க்கு வணக்கம்" என்றுதான் எழுதினேன். கை பழகிய பழக்கம் அது. அதை அடித்துவிட்டு உன் பெயரை மட்டும் எழுதினேன். நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வரும் மாதத்தில் ரவாங் மண்டபத்தில் உனக்கும் கவிதாவுக்கும் நடக்கவிருக்கும் திருமண வரவேற்பில், உன்னைப் பெற்ற நான் ஒலிவாங்கியைத் தொடக்கூடாது என்று கேட்டாய். நேரில், குரலை உயர்த்தாமல் கேட்டாய். நான் விடை சொல்லவில்லை. கோலா சிலாங்கூரிலிருந்து கிள்ளான் வரை எந்த மண்டபத்துக்குப் போனாலும் முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி ஒதுக்கும் ஊர்கள் இவை. அப்படிப்பட்டவனின் வாயை, பெற்ற மகனே தன் திருமணத்தில் கட்டுகிறானே என்று உள்ளுக்குள் கொதித்தேன். நீ பினாங்குக்குத் திரும்பிய பிறகு தொலைபேசியில் நீயும் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உன் அம்மாதான் சோறு போடும்போதெல்லாம் "பிள்ளைக்குப் பதில் சொல்லிட்டீங்களா?" என்று கேட்கிறாள். இன்று சொல்கிறேன். நம் ஊரார் படிக்கும் இதழில், நாலு பேர் பார்க்கும்படி சொல்கிறேன். உனக்கு நான் இழைத்ததும் நாலு பேர் பார்க்கத்தான் நடந்தது.

அந்தக் குறுமரத்திலிருந்து தொடங்குகிறேன். நீ அதைப் போன்சாய் என்பாய். இந்த மடலிலாவது நான் குறுமரம் என்று சொல்லிக்கொள்ள விடு. ரவாங் தொழிற்சாலையில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சுண்டுவிரல் தடிப்புள்ள இச்சிச் செடி ஒன்றைப் பால்மாவுத் தகரக் குவளையில் வைத்து வீட்டுக்குள் கொண்டு வந்தாய். ஆலுக்கு உறவான மரம் அது. நிலத்தில் விட்டால் ஒரு வீட்டையே வேரால் வளைத்துவிடும். வெளியே வைத்திருந்தால் வெயிலும் மழையும் தாமே வளர்த்திருக்கும். ஆனால் குன்றிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் நம் தெருவில் எந்தத் தளிரையும் விட்டுவைப்பதில்லை. உன் அம்மாவின் கறிவேப்பிலைகூட வலைக்குள்தான் வளர்கிறது. ஆகவே கிழக்குப் பார்த்த சாளரத்தின் ஓரம் ஒரு பலகையை அடித்தாய். தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவுக்கு நீர் ஊற்றி, அந்த ஈரக் காற்று இலைக்கு எட்டும்படி மேலே சட்டியை வைத்தாய். செகிஞ்சானில் ஒரு சீனரின் நாற்றுக் கடையில் வாங்கிய, ஆழமில்லாத நீலச் சட்டி. நான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து உன் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"இது என்ன?"

"போன்சாய் பண்ணப் போறேன் பா."

"தமிழ்ல அதுக்குப் பேரு இல்லையா? குறுமரம்னு சொல்லு."

"சரிப்பா, குறுமரம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அடுப்படியிலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "பேரு வச்சாச்சு. தண்ணி யாரு ஊத்துறது?"

நான் சிரித்தேன். நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று இருந்தது. இந்தச் செடி உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டிருக்க வேண்டும். அன்று கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை, ஆண்டுகள் ஓடின, கேட்கவே இல்லை. வேலை முடிந்து நீ வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழற்றுமுன் அந்தச் சட்டி மண்ணில் விரல் வைத்துப் பார்ப்பாய். நான் அடுத்த கூட்டத்துக்கு உரை எழுதிக்கொண்டிருப்பேன். ஒரே கூடம், ஒரே விளக்கு, எட்டிப்பிடிக்கும் தொலைவு. அந்த விரலில் ஈரம் பட்டதா இல்லையா என்றுகூட உன்னிடம் நான் கேட்டதில்லை.

பிறகு அந்தக் கூட்டம் வந்தது. நம் ஊர் மண்டபத்தில் பொங்கல் விழா. இளைஞர்க்கு எழுச்சியுரை ஆற்ற என்னை அழைத்திருந்தார்கள். நீயும் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். மின்விசிறிகளின் இரைச்சலையும் மீறி அவையைப் பிடிக்க எனக்கு ஓர் உவமை தேவைப்பட்டது. கண்ணில் பட்டவன் நீ. நினைவில் எழுந்தது உன் மரம். "வேரை நறுக்கி, கிளையைக் கம்பியால் முறுக்கி, இவ்வளவு வளர்ந்தால் போதும் என்று ஒரு சட்டியில் நிறுத்தி வைத்த ஒன்றை மரம் என்று சொல்ல உங்களுக்கு நா எழுகிறதா? காட்டில் நின்றால் கப்பலுக்குப் பாய்மரம் ஆகியிருக்கும். இங்கே மேசைக்கு அழகாக நிற்கிறது. என் இனம் இந்தச் சட்டியிலா முடிய வேண்டும்?" என்றேன். கைதட்டல் எழுந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு பேச்சாளனின் வழக்கமான முழக்கமாக முடிந்திருக்கும். கைதட்டல் என்னை மேலும் இழுத்தது. "வேறெங்கும் தேட வேண்டாம், என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. என் மகன் வளர்க்கிறான். அவனைப் போலவே அதுவும் சாளரத்தோரம் அடங்கிக் கிடக்கிறது" என்றேன். அது முன்பே எழுதி வைத்துப் பேசிய வரி. இல்லை, அப்படிச் சொன்னால் என்னை நானே காத்துக்கொள்வதாகும். முதல் பகுதிதான் எழுதி வைத்தது. உன்னைப் பற்றிய வரி எழுதி வைத்ததன்று. அந்த நொடியில் என் வாயில் பிறந்தது. அதனால்தான் அது எனக்கு இன்னும் அச்சமூட்டுகிறது. மண்டபம் முழுதும் உன் பக்கம் திரும்பிச் சிரித்தது. நீயும் சிரித்தாய். வீட்டுக்கு மகிழுந்தை நீதான் ஓட்டி வந்தாய்; பேச்சு எப்படி இருந்தது என்று உன்னிடம் கேட்டேன். "எல்லாரும் கை தட்டினாங்க பா" என்றாய்.

கொஞ்ச நாள் கழித்துச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது இரண்டு இளைஞர்கள் என்னைக் கண்டு ஒதுங்கி நின்றார்கள். "டேய், சட்டியோட அப்பாடா" என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னது காதில் விழுந்தது. அருகில் வந்து, "ஐயா, அந்தச் சட்டிப் பேச்சு சூப்பர் லா. இப்பக்கூட நாங்க அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறோம்" என்றான். நான் மகிழ்ந்தேன். மீன் பையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீ இலைகளில் நீர் தெளித்துக்கொண்டிருந்தாய்.

"சட்டின்னா யாருன்னு தெரியுமா பா?"

"யாரு?"

"நான்தான். பந்து விளையாடுற எடத்துல, வேலைக்குப் போற பஸ்ல, எல்லா எடத்துலயும்."

அப்போது நான் சொன்ன மறுமொழியை இங்கே எழுதுவதற்கு இவ்வளவு நேரம் பேனாவை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். "நல்ல பேச்சுக்கு அதுதான்டா அடையாளம். மக்கள் வாயில் நிலைத்து நிற்கும்" என்றேன். நீ நீர்க்குவளையை வைத்துவிட்டு அறைக்குள் போனாய். அதன் பிறகு என் பேச்சைக் கேட்க எந்த மண்டபத்துக்கும் நீ வந்ததில்லை. நானோ அந்த உவமையைத் தஞ்சோங் காராங்கில் சொன்னேன், ரவாங்கில் சொன்னேன், கிள்ளானில் சொன்னேன். வேறு பேச்சாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லை இனி யாரிடம் போய் நான் திருப்பி வாங்குவேன்?

இத்தனைக்கும் பிறகு, தொழிற்சாலை உன்னை ஓராண்டுப் பணிக்குப் பினாங்குக்கு அனுப்பியபோது, அந்த மரத்தை என் பொறுப்பில்தான் விட்டாய். உன் அம்மாவிடம் விடுவாய் என்றுதான் எண்ணினேன். அவளும் கேட்டாள். "அம்மாகிட்ட விட்டா கறிவேப்பிலையோட சேர்த்து வலைக்குள்ள வச்சிடுவாங்க" என்று சிரித்தாய். அது விளையாட்டுப் பேச்சு. என்னிடம் விட்டதன் உண்மையான பொருள் என்ன என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு, உன்னிடம் கேட்டதில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டே நீ சொன்னவை எனக்கு மனப்பாடம். இடத்தை மாற்றக்கூடாது. மேல்மண் காய்ந்திருந்தாலும் விரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் ஊற்றக்கூடாது. கிழமைக்கு ஒருமுறை சட்டியைக் கால் வட்டம் திருப்பி வைக்க வேண்டும். இல்லையேல் சாளரத்துப் பக்கம் மட்டும் செழித்து, மறுபக்கம் மெலியும். குளிரூட்டிக் காற்று நேரே படக்கூடாது. கடைசியாக ஒன்று. புதிதாக இரண்டு கிளைகளுக்குக் கம்பி சுற்றியிருந்தாய். "ரெண்டு மாசத்துல எடுத்துடணும் பா. இச்சி வேகமா பருக்கும், கம்பி பட்டையில இறங்கிடும். சுத்தி அவுக்காதீங்க, துண்டு துண்டா வெட்டி எடுங்க. கட்டர் இந்த டிராயர்ல இருக்கு" என்றாய். நான் தலையசைத்தேன். மரத்துக்கு விலங்கு பூட்டுகிறான் என்று ஊரெல்லாம் நான் சொன்ன கம்பி, இரண்டு திங்களுக்கு மட்டும் கிளைக்குப் பிடிமானமாக இருந்துவிட்டு விலகிக்கொள்ளும் துணை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் செய்தது என்ன? நீ சொன்னவற்றை வரிசையாக மீறினேன். முதல் கிழமையிலேயே இடத்தை மாற்றினேன். வீட்டுக்கு வருவோர் கண்ணில் படட்டும் என்று, எனக்குத் தந்த நினைவுக் கேடயங்களுக்கும் பொன்னாடைப் பேழைக்கும் நடுவே கூடத்தில் வைத்தேன். "என் மகன் வளர்த்தது" என்று எல்லோரிடமும் சொன்னேன். சட்டி என்று இகழ்ந்த அதே வாய் இப்போது பெருமையடித்துக்கொண்டது. கேடயம் வைக்கும் இடத்தில் வெளிச்சம் ஏது? மேலே குளிரூட்டி வேறு. இலைகள் பச்சையாகவே உதிரத் தொடங்கின. காலையில் எழுந்தால் கேடயங்களின் காலடியில் இலைகள் கிடக்கும். அஞ்சி, நீர் ஊற்றினேன். உதிர உதிர ஊற்றினேன். வேர் அழுகி மண் நாற்றமடித்த பிறகுதான் உன்னை அழைத்தேன்.

"எடத்த மாத்தினீங்களா பா?"

"கொஞ்சம்."

"பழைய எடத்துல வைங்க. தண்ணி ஊத்தாதீங்க. நான் சொல்ற வரைக்கும் ஊத்தாதீங்க."

"வேற என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா இருங்க பா. உங்களால அது முடியுமா?"

அருகிலிருந்த உன் அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முடிந்தது, செழியா. வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றும் செய்யாமல் ஓர் உயிரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மொட்டைக் கிளையில் ஊசி முனை போல் சிவந்த குருத்து வெளிவந்தபோது உன் அம்மாவை அழைத்துக் காட்டினேன்.

அந்த நாள்களில்தான் உன் சித்தப்பா மாணிக்கம் வீட்டுக்கு வந்தான். எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டத்தில் வேலை செய்கிறவன். மரத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டான். "அண்ணே, இது செம்பனையில தொத்தியிருந்த செடிதானே? மறுநடவுக்கு மரத்தச் சாய்க்கிறாங்கன்னு சொன்னதும் செழியன் ஓடி வந்தான். மட்ட இடுக்குல கைய விட்டுப் புடுங்கினான், பூரான் கடிக்கப் போகுதுடான்னு நான் கத்துறேன். அந்த வாரமே மெசின் வந்து எல்லாத்தையும் தள்ளிட்டான். இல்லாட்டினாலும் வேலைய மேய்க்கிற மண்டோர் மருந்தடிச்சுக் கொன்னிருப்பாரு" என்றான். காட்டில் நின்றால் பாய்மரம் ஆகியிருக்கும் என்று நான் முழங்கியது இந்தச் செடியைத்தான். அதற்குக் காடு இருந்ததில்லை. இயந்திரமும் நஞ்சும்தான் இருந்தன. இடையில் உன் கை இருந்தது. அது உயிரோடிருக்க இடம் கொடுத்தது அந்த நீலச் சட்டி. என் உவமை நாவன்மையில் குறைந்ததில்லை. அதில் பொய் இருந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இதை அறிந்த பிறகாவது விழிப்பாக இருந்தேனா? தேர்தல் நெருங்கியது. நாளுக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு மேடை. சட்டியைத் திருப்புவது விட்டுப்போயிற்று. கம்பி அறவே மறந்துபோயிற்று. கூட்டங்கள் ஓய்ந்து வீட்டில் தங்கிய ஒரு காலையில் உன் அம்மாதான், "என்னங்க, இந்தக் கம்பியக் காணோமே, உள்ள போயிடுச்சா?" என்றாள். போயிருந்தது. இடப்பக்கக் கிளையில் பட்டை இருபுறமும் பருத்துக் கம்பியை விழுங்கிக்கொண்டிருந்தது. வெட்டி எடு என்று நீ சொன்னதுகூட அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. நுனியைப் பிடித்துச் சுற்றி அவிழ்த்தேன். பட்டை கம்பியோடு உரிந்து வந்தது. வெள்ளைப் பால் சொட்டிச் சாளரப் பலகையில் வழிந்தது. ரப்பர்ப் பால்மரக் காட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். வெட்டுக் கத்தி ஆழம் போய்விட்டால் மரம் கெட்டது என்று மண்டோர் ஏசியதை நாள்தோறும் கேட்டு வளர்ந்தவன். பட்டையின் அருமை தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

உன்னிடம் சொல்லவில்லை. காயம்பட்ட கிளையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். தொலைபேசியில் நீ மரத்தைக் காட்டச் சொன்னபோதெல்லாம் நல்ல பக்கத்தையே காட்டினேன். "பச்சையா இருக்கு பா, நன்றி" என்றாய். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். உன் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று சட்டியைத் திருப்பாமலே வைத்திருந்ததால், வெளிச்சம் காணாத அந்தப் பக்கம் மேலும் மெலிந்தது. காயம் ஆறுவதற்கு வேண்டியிருந்ததே அந்த வெளிச்சம்தான்.

உன் பரிசத்தன்று எல்லாம் வெளிவந்தது. கவிதாவின் வீட்டில் வெற்றிலை மாற்றி முடித்து, உணவு நேரத்தில், அவளுடைய பெரிய மாமா நல்லெண்ணத்தோடுதான் கேட்டார், "மாப்பிள்ளைக்குச் சட்டின்னு ஒரு பேரு இருக்காமே? ஐயா வச்ச பேராம் லா" என்று. பந்தியே சிரித்தது. கவிதா மட்டும் சிரிக்காமல் உன்னைப் பார்த்தாள். நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தாய். வீட்டுக்குத் திரும்பியதும், பட்டு வேட்டியை மாற்றாமலே சாளரத்தோரம் போய்ச் சட்டியைத் திருப்பினாய். நான் கூடத்தின் வாயிலில் நின்றிருந்தேன்.

"எப்ப பா இது?"

"தேர்தல் சமயம்."

"அவுத்தீங்களா?"

"ஆமாம்."

நீ இழுப்பறையிலிருந்து கம்பிவெட்டியை எடுத்தாய். வலப்பக்கக் கிளையில் நான் தொட அஞ்சி விட்டுவைத்திருந்த கம்பியை, ஒவ்வொரு சுற்றாக, துண்டு துண்டாக வெட்டினாய். துண்டுகள் தட்டில் விழும் ஒலி கேட்டது. "மரம் மூடிக்கும் பா. ஆனா தழும்பு தெரியும்" என்றாய். அதே குரலில், கையை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல், அடுத்ததையும் சொன்னாய். "ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துல நீங்க மைக் எடுக்க வேணாம் பா." நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் நீ கிளம்பும்போது மரத்தை எடுத்துப் போய்விடுவாய் என்று எண்ணினேன். பலகையிலேயே விட்டுவிட்டுப் போனாய்.

இனி, இதுவரை உனக்குத் தெரியாத ஒன்று. நீ கேட்டுக்கொண்ட பிறகும் நான் வரவேற்புக்கு உரை ஒன்றை எழுதினேன். மண்டப வேலைகளைக் கவனிக்கும் மாணிக்கம், "அண்ணே, உங்க வாழ்த்துரைக்கு அரை மணி போட்டிருக்கேன், போதுமா?" என்று கேட்டபோது போதும் என்றுதான் சொன்னேன். என் எண்ணம் இதுதான்: எந்த மரத்தைச் சொல்லி உன்னை இழிவுபடுத்தினேனோ, அதே மரத்தைச் சொல்லி, அதே ஊரார் முன்னிலையில் உன்னை உயர்த்துவேன். செம்பனை இடுக்கு, இயந்திரம், உன் கை, நீலச் சட்டி எல்லாம் அதில் இருந்தன. என் வாழ்நாளின் சிறந்த உரை அது என்று நம்பினேன். குளியலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தபோது உன் அம்மா துண்டோடு நின்றாள்.

"மறுபடியும் அந்தச் சட்டியத் தூக்கிட்டு மேடைக்குப் போறீங்களா?"

"இந்த முறை புகழ்ந்து பேசறேன்டி."

"புகழ்ந்தா மட்டும் அது அவன் மரமா இருக்குமா? உங்க பேச்சாத்தானே இருக்கும். விடுங்களேன், அவன் பாட்டுக்கு வச்சிருக்கட்டும்."

ஈரத் தலையோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தேன்.   அன்று மாலை மாணிக்கத்தை அழைத்து நிகழ்ச்சி நிரலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். அவன் நம்பவில்லை, "உடம்பு முடியலையா அண்ணே?" என்றான். ஆகவே மகனே, என் விடை இது: நான் பேசவில்லை. அறிவிப்பாளர் பழக்கத்தில் என் பெயரை அழைத்துவிட்டாலும், எழுந்து கைகூப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். மண்டபம் வற்புறுத்தினாலும் உட்கார்ந்தே இருப்பேன்.

மேடையில் சொல்லாததை இங்கே கொஞ்சம் சொல்ல விடு. தந்தைக்கு அந்த உரிமை எஞ்சியிருக்கிறது என்று எண்ணுகிறேன். கவிதா பேசாமலிருக்கும் பொழுதுகள் வரும். அப்போதெல்லாம் அஞ்சி, சொற்களை ஊற்றாதே. மேலே உலர்ந்தது போல் தோன்றும் இடத்தில் உள்ளே ஈரம் இருக்கலாம். அதை அறியும் பொறுமை உன் விரலுக்கு உண்டு, என் நாவுக்கு இருந்ததில்லை. அவளிடம் நீ ஒரு வளைவைக் கேட்பாய், உன்னிடம் அவள் ஒன்றைக் கேட்பாள்; சேர்ந்து வாழ்வதில் அது இருக்கும். கேட்டது நடந்த பிறகும் பிடியை எடுக்க மறந்துபோவதுதான் பட்டையில் இறங்குகிறது. நான் உன்னைப் பேச்சாளனாக்க உன் பள்ளி நாள்களில் சுற்றிய கம்பி அப்படித்தான் இறங்கியது. நீ பேச்சாளனாகப் போவதில்லை என்பது தெரிந்த பிறகும் நான் அதை எடுக்கவில்லை, மேடையேறி முறுக்கினேன். இன்னொன்று. நீ நேசிக்கும் எதையும் வந்தவர் பார்க்கட்டும் என்று வெளிச்சமில்லாத இடத்தில் கொண்டுபோய் வைக்காதே. உன் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் உனக்கு அனுப்பினேன். உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி நாலு பேரிடம் பேசுவதை இனிச் செய்வதற்கில்லை. நீ இரண்டு இடங்களை அடித்து அனுப்பினாய். ஒன்று, கவிதா வீட்டாரைப் பற்றிய சில வரிகள். அவர்கள் மனம் நோகும் என்றாய், சரிதான். மற்றொன்று, உன்னைப் புகழ்ந்து நான் எழுதிய பத்தி. இந்த மடலிலேயே அழகான பத்தி அதுதான் என்று எண்ணியிருந்தேன். அதன் ஓரத்தில் "இது மேடைப் பேச்சு பா" என்று எழுதியிருந்தாய். இரண்டையும் எடுத்துவிட்டேன். இதற்குக் கீழே வரும் பகுதியை அதன்பின் சேர்த்து, அதையும் உனக்குப் படித்துக் காட்டிவிட்டேன்.

நேற்று நீ அழைத்தாய். "அச்சுக்குக் குடுங்க பா. ஆனா மைக் விசயம் அப்படியேதான்."

"அப்படியே இருக்கட்டும்."

"கோவமா?"

"இல்ல. ஒண்ணு கேக்கட்டுமா? அந்தச் சட்டிப் பேச்சுக்காகத்தானே?"

 பின்னால் பினாங்குச் சாலையின் இரைச்சல் கேட்டது. "அதுவும்தான். ஆனா அது மட்டும் இல்ல பா. நான் பேசலாம்னு இருக்கேன். கவிதாவும். ரெண்டு வார்த்தைதான். நீங்க பேசி முடிச்ச மேடையில அதுக்கப்புறம் யாரு பா பேசுறது?"

நீ பேசி நான் கேட்டதே இல்லை, செழியா. பள்ளி நாள்களில் பேச்சுப் போட்டிக்கு உன்னை ஏற்றியபோதெல்லாம் உரையை எழுதியவன் நான். எந்தச் சொல்லில் குரலை உயர்த்துவது, எங்கே கையை நீட்டுவது என்று குறித்துத் தந்தவனும் நான். அங்கே ஒலித்தது என் குரல்தான். உன் குரல் ஒரு மண்டபத்தில் எப்படிக் கேட்கும் என்று இத்தனை ஆண்டு மேடையில் நின்ற எனக்குத் தெரியாது. என்ன பேசப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ஒலிவாங்கியை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும், முதல் சொல்லுக்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தர நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, சொல்லாமல் இருந்தேன்.

"லைன்ல இருக்கீங்களா பா?" என்றாய்.

இருக்கிறேன் என்றேன்.

அப்பா